நோய், காகிதம், குண்டூசி: ஆன்றி மத்தீஸின் கடைசி ஆண்டுகள்

1941 ஜனவரியில் பிரான்சின் லியோன் நகரில் ஓவியர் ஆன்றி மத்தீஸுக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. குடலில் புற்றுநோய். வயது 71. அறுவைக்குப் பின் நுரையீரலில் இரண்டு முறை இரத்தக்கட்டி அடைத்தது. பிழைப்பது அரிது என்ற நிலையிலிருந்து மீண்டு வந்தவரை, பணிவிடை செய்த கன்னியாஸ்திரிகள் ‘உயிர்த்தெழுந்தவர்’ என்று அழைத்தார்கள். கையிலிருக்கும் வேலையை முடிக்க இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் போதும் என்று மருத்துவர்களிடம் அவர் கேட்டிருந்தார். ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் கிடைத்தன.

அந்தப் பதினான்கு ஆண்டுகளைப் பற்றி ஓவிய ஆர்வலர்களிடையே ஒரு கதை பரவலாக உண்டு. நோயால் தூரிகை பிடிக்க முடியாமல் போனதால் மத்தீஸ் கத்தரிக்கோலை எடுத்தார், வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டினார் என்பது அந்தக் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது பாதிதான் உண்மை. காகிதம் அவரிடம் நோய்க்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. எண்ணெய் வண்ணமோ, நோய்க்குப் பிறகும் பல ஆண்டுகள் அவரை விட்டுப் போகவில்லை. உடல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெளிவாகக் கணக்குப் போட்டு, எந்த வேலையைத் தான் வைத்துக்கொள்வது, எதைப் பிறர் கையில் கொடுப்பது என்று அவர் எடுத்த முடிவுகள்தாம் இந்த நிகழ்வின் உயிர். முதுமையில் வரைகிற ஒவ்வொருவருக்கும் அது தெரியவேண்டும் என்று நினைக்கிறேன்.

நோய்க்கு முன்பே வந்த காகிதம்

மத்தீஸின் வாழ்க்கையில் நோயும் ஓவியக் கருவியும் தொடக்கத்திலேயே சேர்ந்து வந்தவை. 1869 டிசம்பர் 31 அன்று பிரான்சின் வடகோடியில் லெ கத்தோ-காம்ப்ரெசி என்ற ஊரில் பிறந்தார். தந்தை விதை, தானிய வியாபாரி. வளர்ந்த ஊரான போஹேன் நெசவுக்குப் பேர்பெற்றது. சட்டம் படித்து ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, இருபது வயதில் வயிற்று நோயில் படுத்தார். குடல்வால் அழற்சி என்று வழக்கமாகச் சொல்வார்கள். பொழுது போவதற்காக அம்மா ஒரு வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தார். சட்டத் தொழில் அதோடு பின்னுக்குப் போனது. 1905இல் பாரிஸ் கண்காட்சியில் அவரும் நண்பர்களும் காட்டிய கூச்சலிடும் நிறங்களைப் பார்த்து விமரிசகர் ஒருவர் ‘காட்டு விலங்குகள்’ என்று எழுத, அதுவே ஓர் இயக்கத்தின் பெயராக நிலைத்தது. 1917இலிருந்து தெற்கே கடலோர நகரான நீஸ் அவருக்கு ஊராயிற்று.

இந்த ஆய்வுக்குத் தேவையான முதல் சான்று 1931இல் கிடைக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆல்பர்ட் பார்ன்ஸ் என்ற சேகரிப்பாளர், தன் கட்டடத்தின் மூன்று வளைவுகளை நிரப்ப ஒரு சுவரோவியம் கேட்டார். அகலம் ஏறக்குறைய 14 மீட்டர். நடனமாடும் உருவங்கள். நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரிக்கோலைக் கட்டி, தரையில் நின்றபடியே மத்தீஸ் கோடு இழுத்தார். உருவங்களை இங்கிருந்து அங்கே நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அத்தனை பெரிய பரப்பை மறுபடி பூசுவது நடக்கிற காரியமில்லை. எனவே முன்கூட்டியே வண்ணம் பூசிய காகிதங்களை உருவ அளவுக்கு வெட்டி, கித்தானில் குண்டூசியால் குத்தி, நகர்த்தி, மறுபடி வெட்டினார். வளைவுகளின் அளவு தவறாகப் போனதால் வேறொரு ஓவியத்தைப் புதிதாகத் தொடங்கவும் நேர்ந்தது. 1933இல்தான் படைப்பு சுவரேறியது. அப்போது அவர் அறுபதுகளின் தொடக்கத்தில், காலூன்றி நின்று வேலை செய்துகொண்டிருந்தார்.

இரண்டாவது சான்று 1935. இப்போது பால்ட்டிமோர் அருங்காட்சியகத்தில் இருக்கும் இளஞ்சிவப்பு நிர்வாண ஓவியம். அது வளர்ந்த நிலைகளை மத்தீஸ் புகைப்படமாக எடுத்து வைத்தார்; 22 படங்கள் இருக்கின்றன. கித்தானின் மேல் வண்ணக் காகிதத் துண்டுகளைக் குத்தி உருவத்தின் அளவையும் இடத்தையும் சோதித்தது அந்தப் படங்களில் தெரிகிறது. முன்பெல்லாம் பிடிக்காத பகுதியை டர்பன்டைனால் துடைத்து அழித்துவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்குவது அவர் வழக்கம். துடைப்பதற்குப் பதிலாகக் குண்டூசியைப் பிடுங்கினால் போதும் என்பதை அவர் அந்த ஆண்டுகளில் கண்டுகொண்டார். திருத்திக்கொண்டே போகிற மனம் அவருடையது. அந்த மனத்துக்கு ஏற்ற கருவி நோய் வருவதற்கு முன்பே கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் அப்போது நடக்கவில்லை: காகிதம் ஒத்திகையாகவே இருந்தது, படைப்பாகவில்லை.

அந்த ஓவியத்துக்கு அமர்ந்தவர் லிடியா டெலக்டர்ஸ்காயா. சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் 1910இல் பிறந்து, புரட்சிக்குப் பின் அனாதையாகி, நீஸ் வந்து சேர்ந்தவர். முதலில் ஓவியக்கூட உதவியாளராகவும், பிறகு மத்தீஸின் மனைவி அமெலியைப் பார்த்துக்கொள்பவராகவும் வேலைக்கு வந்தார். 1939இல் அமெலி கணவரைப் பிரிந்தார். லிடியா மத்தீஸின் கடைசி நாள்வரை உடனிருந்தார். அவர் இல்லாமல் இந்த நிகழ்வே இல்லை.

அறுவை எதை எடுத்தது, எதை விட்டது

உடல் குறை வந்த ஓவியர்களைப் பற்றிப் பேசும்போது ‘நோய்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எந்த உறுப்பு போனது என்று கேட்காமல் கருவியைப் பற்றிப் பேச முடியாது.

மத்தீஸின் அறுவை வயிற்றுச் சுவரின் தசைகளைப் பலவீனப்படுத்திவிட்டது. நீண்ட நேரம் நிற்பது இனி இயலாது. நாளின் பெரும்பகுதி படுக்கையில் அல்லது சக்கர நாற்காலியில் கழிந்தது. உறக்கம் முன்பே குறைவு. இப்போது இன்னும் குறைந்தது. ஆனால் விரல்கள் நன்றாக இருந்தன. பார்வை வேலை செய்யும் அளவுக்கு இருந்தது. கணிப்பு மங்கவில்லை. அதாவது கோடு போடுகிற கையும் நிறம் பார்க்கிற கண்ணும் தப்பிவிட்டன. போனது நின்றபடி வேலை செய்கிற ஆற்றல்.

பெரிய கித்தானில் எண்ணெய் வண்ணம் தீட்டுவதென்றால் இந்த இழப்பு கடுமையானது. கித்தானுக்கு அருகே போய்த் தீட்டவேண்டும், பின்னால் நடந்து வந்து பார்க்கவேண்டும், திரும்பவும் போகவேண்டும். கை தோளுக்கு மேலே நீண்ட நேரம் இருக்கவேண்டும். இந்த நடை ஓவியரின் உடலில் ஊறிய பழக்கம். பார்க்கிறவர்களுக்கு அது ஓர் உழைப்பாகவே தெரியாது.

அறுவைக்குப் பின் முதலில் அவர் எடுத்தது காகித வெட்டை அல்ல என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1941, 1942 ஆண்டுகளில் படுக்கையில் சாய்ந்தபடி, மடியில் பலகை வைத்து, கரிக்கோலாலும் பேனாவாலும் பென்சிலாலும் வரைந்து தள்ளினார். ஒரு பொருளைக் கரிக்கோலால் நிதானமாக ஆராய்ந்து ஒரு படம். பிறகு அதே பொருளை, பார்த்துப் பார்த்து மனத்தில் பதிந்த நிலையில், கையைத் தூக்காமல் ஓடும் கோடுகளில் அடுத்தடுத்துப் பல படங்கள். இவற்றில் 158 படங்கள் 1943இல் தொகுப்பாக வெளிவந்தன. உடல் இப்போது எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்க்கிற ஒருவர் செய்யக்கூடிய மிகச் சரியான வேலை இது என்பது என் எண்ணம். குறைந்த செலவு, குறைந்த அசைவு, முழுக் கவனம்.

ஒரு புத்தகமும் ஒரு ஏமாற்றமும்

1943இல் நீஸ் நகரத்துக்குக் குண்டுவீச்சு அபாயம் வந்ததும் மலையடிவார ஊரான வான்ஸில் ஒரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். பதிப்பாளர் டெரியாட் கேட்டிருந்த ஒரு படப் புத்தகத்துக்கான வேலையை அந்த ஆண்டு தொடங்கினார். சர்க்கஸ், நாட்டுப்புறக் கதை, பயணம் ஆகியவற்றை வைத்து இருபது படங்கள். எல்லாம் குவாஷ் என்ற நீரில் கரையும் வண்ணம் பூசிய காகிதத்தை வெட்டி அமைத்தவை. 1944இல் மனைவியையும் மகள் மார்கரித்தையும் நாஜிகள் எதிர்ப்பியக்கத் தொடர்புக்காகக் கைது செய்தார்கள். மகள் சித்திரவதைக்கு ஆளானார். அந்த ஆண்டிலும் அவர் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார். 1947இல் ‘ஜாஸ்’ என்ற பெயரில் புத்தகம் வந்தது.

அச்சு, வடிவம் வெட்டிய தகட்டின் வழியே நிறம் பூசும் ஸ்டென்சில் முறை. மத்தீஸ் தன் காகிதங்களுக்குப் பயன்படுத்திய அதே லினெல் நிறுவனத்தின் குவாஷ் வண்ணங்களை ஒவ்வொரு பிரதியிலும் கையாலேயே பூசினார்கள். நிறம் துல்லியமாக வந்தது. உலகம் கொண்டாடியது. மத்தீஸ் மட்டும் மனம் உடைந்தார். வெட்டிய துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது இருந்த உயிர்ப்பு அச்சில் தட்டையாகிவிட்டது என்று நண்பருக்கு எழுதினார்.

இந்த ஏமாற்றம்தான் திருப்புமுனை என்று நான் கருதுகிறேன். அதுவரை காகிதம் சுவரோவியத்துக்கு ஒத்திகை, கித்தானுக்கு ஒத்திகை, அச்சுக்கு மூலம் என்றிருந்தது. வெட்டிய காகிதமே படைப்பு, வேறெதற்கும் அது முன்வடிவம் அல்ல என்ற எண்ணத்துக்கு அவர் வந்து சேர அச்சகம் உதவியது. மருத்துவமனையைவிட அதற்கே இதில் பங்கு அதிகம்.

இடையே 1946இல் பாரிஸ் வீட்டில் ஒன்று நடந்தது. சுவரில் இருந்த ஒரு கறையை மறைக்க வெள்ளைக் காகிதத்தில் பறவை ஒன்றை வெட்டி ஒட்டச் சொன்னார். பிறகு மீன், பவளம், பாசி என்று சுவர் முழுக்கப் பெருகிற்று. 1930இல் தாஹிட்டித் தீவுக்குப் போய்வந்து பதினாறு ஆண்டுகளாக உள்ளே கிடந்த கடல் அது. லண்டன் துணி உற்பத்தியாளர் சிகா ஆஷர் அந்த அமைப்புகளை லினன் துணியில் அச்சிட்டார்.

வேலையைப் பிரித்த விதம்

குவாஷ் என்பது தண்ணீரில் கரையும், ஒளி ஊடுருவாத வண்ணம். நம் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் போஸ்டர் கலருக்கு நெருங்கிய உறவு. காய்ந்ததும் பளபளப்பு இல்லாத, வெல்வெட் போன்ற பரப்பு கிடைக்கும். விரைவில் காயும். டர்பன்டைன் வேண்டாம். படுக்கையறையே ஓவியக்கூடமாகிவிட்ட ஒருவருக்கு மணமில்லாத வண்ணம் எவ்வளவு பெரிய வசதி என்பது நோயாளியுடன் இருந்தவர்களுக்குத் தெரியும்.

வேலை இப்படி நடந்தது. உதவியாளர்கள் பெரிய தாள்களில் குவாஷ் பூசிக் காயவைப்பார்கள். தூரிகைத் தடம் தெரியும்படிதான் பூசுவார்கள்; இன்றைக்கும் அருகில் போய்ப் பார்த்தால் ஒரே நீலத்துக்குள் அடர்த்தி ஏறி இறங்குவதைக் காணலாம். நிறத்தைக் கலந்து ஒப்புதல் பெறுவது மத்தீஸிடம்தான். தாளைக் கையில் வாங்கி, அமர்ந்தபடி, பெரும்பாலும் முன்கூட்டிக் கோடு வரையாமல் நேரடியாக வெட்டுவார். நிறத்துக்குள் வெட்டிச் செல்வது கல்லை நேரடியாகச் செதுக்குவதை நினைவூட்டுகிறது என்று அவர் எழுதியிருக்கிறார். பிறகு உதவியாளர்கள் ஏணியில் ஏறி அந்தத் துண்டைச் சுவரில் குண்டூசியாலோ சிறு ஆணியாலோ பொருத்துவார்கள். அவர் நாற்காலியிலிருந்து கழியால் காட்டிக்கொண்டிருப்பார்: இன்னும் மேலே, சற்று இடப்பக்கம், அதைத் திருப்பு. நாட்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், துண்டுகள் சுவரில் அலையும். ஒரு தையற்காரர் உடலின்மேல் துணியைக் குத்திக் குத்தி வடிவம் காண்பதுபோலவே இருந்திருக்கும் அது. நெசவு ஊரில் வளர்ந்தவருக்கு அந்நியமான செய்கை அல்ல.

இந்தப் பிரிவினையை உற்றுப் பாருங்கள். நிற்க வேண்டிய வேலை, ஏற வேண்டிய வேலை, பரப்பை நிரப்பும் சலிப்பான வேலை எல்லாம் பிறருக்குப் போயின. நிறத்தைத் தேர்வது, விளிம்பை வெட்டுவது, இடத்தைத் தீர்மானிப்பது என்ற மூன்றை மட்டும் அவர் வைத்துக்கொண்டார். மூன்றும் உட்கார்ந்தபடி செய்யக்கூடியவை. படைப்பின் உயிரும் அந்த மூன்றில்தான். எண்ணெய் ஓவியத்தில் இப்படிப் பிரிக்க முடியாது. அங்கே பூசுவதும் வரைவதும் திருத்துவதும் ஒரே தூரிகையில் நடக்கின்றன. காகிதம் அவற்றைத் தனித்தனியாகக் கழற்றித் தந்தது. அவர் காகிதத்தைத் தேர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சுவர் நிறைந்த அந்தக் கடும் நிறங்களைப் பார்க்கக் கறுப்புக் கண்ணாடி அணியும்படி மருத்துவர் அறிவுறுத்தியதாகச் சொல்வதுண்டு.

வான்ஸ் சிற்றாலயம்

1946 முதல் 1948 வரை வான்ஸ் வீட்டின் அறைகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பாரிஸின் பாம்பிடூ மையம் என்ற அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘பெரிய சிவப்பு அறை’ ஓவியம் 1948இல் முடிந்தது. அறுவைக்கு ஏழாண்டுகள் கழித்தும் அவர் தூரிகை பிடித்தார், அதுவும் தன் சிறந்த ஓவியங்களில் சிலவற்றை அப்போது தீட்டினார் என்பது ‘தூரிகை பிடிக்க முடியாததால்’ என்ற கதையை முறியடிக்கிறது.

அந்தக் காலத்தில் தொடங்கி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வான்ஸில் டொமினிக்கன் கன்னியாஸ்திரிகளுக்கான சிற்றாலயம் அவரை விழுங்கியது. 1942இல் அவருக்கு இரவுச் செவிலியாக இருந்த மோனிக் பூர்ஷுவா பின்னர் கன்னியாஸ்திரியானார். அவர் வழியாக வந்த வேலை. 1949இல் நீஸின் சிமியே குன்றில் உள்ள ரெஜினா கட்டடத்தில் தன் பழைய வீட்டுக்குத் திரும்பினார். அங்கிருந்த பெரிய அறை சிற்றாலயத்தின் அளவுக்கு நெருக்கமானது. மூங்கில் கழியும் கரிக்கோலும் திரும்பி வந்தன. நாற்காலியில் அமர்ந்தும், முடிந்தபோது நின்றும், சுவரில் ஆளுயரத்துக்கு மேலான உருவங்களுக்குக் கோடு இழுத்தார். தூக்கம் வராத நேரத்தில் படுக்கைக்கு மேலே கூரையில் பேரப்பிள்ளைகளின் முகங்களைக்கூட அதே கழியால் வரைந்தார். இறுதி உருவங்கள் வெள்ளை ஓடுகளில் கறுப்புக் கோடுகளாக அமைந்தன.

வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்கான வடிவங்களைக் காகித வெட்டாகவே செய்தார். முதல் வடிவத்தை விட்டார். இரண்டாவது வடிவத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயப் பட்டைக்கு இடம் விட்டிருக்கவில்லை. அதையும் விட்டுவிட்டு எண்பது வயதில் மூன்றாவது முறையாகத் தொடங்கினார். நீலம், பச்சை, மஞ்சள் மூன்றே நிறங்களில் இன்று சன்னலில் இருப்பது அந்த மூன்றாவது வடிவம். ஒரு பொருளுக்காகச் சிந்தித்ததை இன்னொரு பொருள் ஏற்க மறுத்தால், ஒட்டுப்போடாமல் மறுபடி தொடங்குகிற அந்தப் பிடிவாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். 1951 ஜூன் 25 அன்று ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. உடல்நலம் இடம் தராததால் மத்தீஸ் போகவில்லை.

அதற்கடுத்த ஆண்டு, 1952, காகிதத்தின் ஆண்டு. நான்கு நீல நிர்வாண உருவங்களில் ஒன்றுக்கு இரண்டு வாரமும் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய ஒத்திகைப் படங்களும் தேவைப்பட்டன. மற்றவை சடசடவென்று வந்தன. ‘அரசனின் துயரம்’ 292க்கு 386 சென்டிமீட்டர். அந்தக் கோடையில் நீச்சலடிப்பவர்களைப் பார்க்கவேண்டும் என்று கான் நகரத்துக்குப் போனார். வெயில் தாங்கவில்லை. வீடு திரும்பி, தனக்கான நீச்சல் குளத்தைத் தானே செய்துகொள்ளப்போவதாகச் சொன்னார். சாக்குத்துணி ஒட்டிய சாப்பாட்டு அறைச் சுவரில், தலை உயரத்துக்குச் சற்று மேலே, வெள்ளைக் காகிதப் பட்டை சுற்றிவந்தது. அதன்மேல் நீல உடல்கள் பாய்ந்தன, மூழ்கின, பட்டையை மீறித் தெறித்தன. தண்ணீருக்குப் போக முடியாதவர் தண்ணீரை அறைக்கு அழைத்துக்கொண்டார்.

ரெனுவாரின் கை, வினோத் பிகாரியின் கண்

1917 டிசம்பரின் கடைசி நாளில், தன் பிறந்த நாளன்று, மத்தீஸ் நீஸுக்கு அருகே கான்யு என்ற ஊரில் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரைச் சந்தித்தார். ரெனுவாருக்கு அப்போது 76 வயது. முடக்குவாதம் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிவிட்டிருந்தது. உள்ளங்கைத் தோல் புண்ணாகாமல் இருக்கத் துணி சுற்றி, விரல்களுக்கிடையில் யாரேனும் தூரிகையைச் செருக, அவர் தீட்டிக்கொண்டிருந்தார். கித்தானை உருளையில் சுற்றி மேலும் கீழும் நகர்த்தும் ஏற்பாடு இருந்தது. முதிய ஓவியர் ஒருவர் முடங்கிய உடலோடு எப்படி வேலை செய்கிறார் என்பதை மத்தீஸ் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ரெனுவார் கருவியை மாற்றவில்லை. கருவியைச் சுற்றி உடலை ஏற்பாடு செய்துகொண்டார். அவருக்கு அதுதான் வழி. கத்தரிக்கோலுக்கு விரல் வலிமை வேண்டும், அது அவரிடம் இல்லை. சிற்பத்துக்கு மட்டும் ரிஷார் கினோ என்ற இளம் சிற்பியின் கைகளை நம்பினார். பல ஆண்டுகளுக்குப் பின் அது வழக்காகி, அந்தச் சிற்பங்களில் கினோவும் இணைப் படைப்பாளி என்று 1973இல் பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மண்ணை வடித்த கை கினோவுடையது என்பதால். மத்தீஸின் உதவியாளர்கள் எத்தனை தாள் பூசியிருந்தாலும் அப்படியொரு கேள்வி எழவில்லை, விளிம்பு அவருடையது.

நம் நாட்டிலும் ஒருவர் உண்டு. சாந்திநிகேதனின் வினோத் பிகாரி முகர்ஜி, 1904இல் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறு கண்ணில் கடும் கிட்டப்பார்வை. அந்தப் பார்வையோடுதான் சாந்திநிகேதன் சுவர்களில் மகத்தான ஓவியங்களைத் தீட்டினார். 1950களின் பிற்பகுதியில் கண் அறுவை சிகிச்சைக்குப் பின் மிச்சப் பார்வையும் போனது. அவரும் காகிதத்தை வெட்டினார். காகிதத்தின் விளிம்பை விரல் படிக்கும். தூரிகை விட்டுச் சென்ற கோட்டைப் படிக்காது. மெழுகிலும் களிமண்ணிலும் சிறு உருவங்கள் செய்தார். 1972இல் சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலாபவனத்தின் சுவரில் ஓடுகளாலான சுவரோவியத்தையும் முடித்தார். மத்தீஸும் அவரும் ஒரே பொருளுக்கு வந்தது ஒரே காரணத்தால் அல்ல. ஒருவருக்கு நிற்பது போனது, மற்றவருக்குப் பார்ப்பது.

காகிதம் வாங்கிய விலை

இந்தத் தேர்வுக்கு விலையும் இருந்தது. குண்டூசியில் தொங்கிய துண்டுகள் சுவரைவிட்டுச் சற்று விலகி நின்றன. காற்றில் அசைந்தன, ஓரங்கள் சுருண்டு நிழல் விழுந்தது. விற்கவும் அனுப்பவும் வேண்டியபோது அவற்றைப் பாரிஸின் லெஃபெவ்ர்-ஃபுவானே நிறுவனம் அளவெடுத்து, இடம் மாறாமல் அடித்தாளில் முழுமையாக ஒட்டியது. அப்போதே அந்த அசைவு நின்றுவிட்டது. அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பது ஒட்டிய பிறகான வடிவம். குண்டூசித் துளைகள் மட்டும் பழைய அலைச்சலுக்குச் சாட்சி.

அடுத்து, நிறம். குவாஷ் வண்ணங்களில் சில இளஞ்சிவப்புகளும் ஊதாக்களும் ஒளி பட்டு வெளுப்பவை. எண்ணெய்ப் படலமோ வார்னிஷோ இல்லாததால் தூசியும் ஈரமும் நேரே தாக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், தழும்பு விழ. மத்தீஸ் காகிதத்தில் செய்த அந்த நீச்சல் குளத்தை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1975இல் வாங்கியது. அதில் முதலில் கெட்டது நீலக் காகிதம் அல்ல, பின்னால் இருந்த சாக்குத்துணி. வெளிர்பழுப்பாக இருந்தது கருத்துப்போய், வெள்ளைக்கும் நீலத்துக்கும் இருந்த இசைவைக் குலைத்தது. பல ஆண்டுகள் காட்சியில் வைக்காமல் இருந்து, பழைய துணியை அகற்றி, புதுத் துணியில் மறுபடி அமைத்து, 2014இல்தான் திரும்பக் காட்டினார்கள். இன்று குவாஷில் வேலை செய்கிற முதியவர்கள் வண்ணக் குழாயில் அச்சிட்டிருக்கும் ஒளிதாங்கும் குறியீட்டையும், அடித்தாளில் அமிலம் இல்லை என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிடவேண்டும். மத்தீஸுக்குக் கிடைத்த பழுதுபார்ப்பாளர்கள் எல்லோருக்கும் கிடைக்க மாட்டார்கள்.

மேலும், அவரிடம் பணம் இருந்தது. இரவும் பகலும் செவிலியர், பல அறை கொண்ட வீடு, சம்பளத்துக்கு உதவியாளர்கள். முதுமையில் தனியாக ஓர் அறையில் வரைகிற ஒருவரிடம் மத்தீஸைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்வது அநியாயம். அவர் செய்த உழைப்புப் பிரிவினையில் பாதி, அந்தச் சம்பளப் பட்டியல்.

1954 நவம்பர் 3 அன்று நீஸில் மாரடைப்பால் மறைந்தார். வயது 84. முந்தின நாள், தலை குளித்துவிட்டு ஈரக் கூந்தலில் துண்டைச் சுற்றியபடி வந்த லிடியாவைக் கடிதத் தாளில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்து, தூரத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார் என்று மத்தீஸின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கைக்கு எட்டியது அன்றைக்குப் பேனா.

லிடியா மறுநாளே அந்த வீட்டைவிட்டு வெளியேறினார். மத்தீஸ் தனக்குக் கொடுத்திருந்த படைப்புகளைப் பின்னாளில் லெனின்கிராட், மாஸ்கோ அருங்காட்சியகங்களுக்குத் தந்துவிட்டார். ஓவியங்கள் நாளுக்கு நாள் மாறியதைத் தேதியிட்ட புகைப்படங்களாகவும் குறிப்புகளாகவும் அவர் காத்து வைத்திருந்தார். 1986இலும் 1996இலும் அவற்றைப் புத்தகங்களாக வெளியிட்டார். எந்த ஓவியம் எத்தனை முறை அழிந்து எழுந்தது, காகிதம் எப்போது ஒத்திகையாக நுழைந்தது என்று இன்று நம்மால் சொல்ல முடிவது பெரும்பாலும் அந்தக் குறிப்புகளால்தான்.